மதினியின் மாதிரி அட்டை

மதினியின் ஆபீஸ் மேசைமேல் ஒரு கண்ணாடி போட்டிருந்தது. அதற்கு அடியில் மூன்று காகிதங்கள் இருந்தன. போடிக்கும் கம்பத்துக்கும் பஸ் புறப்படும் நேரங்களை நான் எழுதி வைத்த தாள் ஒன்று. அண்ணன் மகள் கிறுக்கிய யானை ஒன்று. மூன்றாவது, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு ரத்தப் பரிசோதனை அட்டை. மேலே நீல எழுத்தில் லேபின் பெயர், அதற்குக் கீழே மதினியின் பெயர், வயது, ஹீமோகுளோபின், சர்க்கரை, கடைசி வரியில் ரத்த வகை: ஓ பாசிட்டிவ். அந்த அட்டை அங்கே இருந்த ஏழு வருஷமும் அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன். முதல் மூன்று வருஷம் அந்த அட்டையைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். அடுத்த நான்கு வருஷம் அது கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே நாற்காலியை சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். தேனியில் அண்ணனுக்கு உரக்கடை. அதன் மாடியில் ஒரே அறையில், யூரியா வாடைக்கும் பூச்சிமருந்து வாடைக்கும் நடுவே, மதினி ஆபீஸ் திறந்தபோது எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அது டைப்ரைட்டிங் கிளாஸ் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் ஜோசியம் பார்க்கிற கம்ப்யூட்டர் என்று நினைத்து ஜாதகத்தோடு வந்தார்கள். நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். "சும்மா இருக்கிற நேரத்துக்கு இங்கன வந்து உக்காரு" என்று மதினி கூப்பிட்டார். அப்படி உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

ஆரம்பத்தில் யார் என்ன கேட்டாலும் செய்து கொடுத்தோம். சின்னமனூரில் ஒரு அரிசி ஆலைக்காரருக்கு மூட்டைக் கணக்கில் ஈரப்பதம் தனியாக வர வேண்டும். போடியில் ஏலக்காய் வியாபாரிக்கு ஒரே ஆளை மூன்று பெயரில் எழுத வசதி வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. கம்பத்தில் லாட்ஜ்காரர் பில்லின் தலையில் குலசாமி படம் வர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் கொண்டுவந்த போட்டோவில் சாமியைவிடப் பக்கத்தில் நின்ற அவர்தான் பெரிதாக இருந்தார். இப்படி ஆளுக்கு ஒன்றாகச் செய்து கொடுத்ததில், ஒருவருக்குப் பழுது என்று போனால் அவருடைய புரோகிராமில் நாங்கள் என்ன செய்து வைத்தோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருக்கும். மதினி ஒருநாள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு கவுன் எடுக்கப் போன இடத்தில் ரெடிமேடு கடை வாசலிலேயே நின்றுவிட்டார். "பாரு, மூணே சைஸ். ஊர்ல இருக்கிற அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் இதுதான். நாம மட்டும் எதுக்கு வீடுவீடாப் போயி அளவெடுத்துக்கிட்டு இருக்கோம்?" என்றார்.

அதிலிருந்துதான் பெட்டிகள் வந்தன. கடைப் பெட்டி, லாட்ஜ் பெட்டி, லேப் பெட்டி. மூன்றும் ஒரே அளவு அட்டைப்பெட்டி, நிறம் மட்டும் வேறு. உள்ளே ஒரு சிடி, தமிழில் பன்னிரண்டு பக்கப் புத்தகம், இரண்டு நாள் பயிற்சிக்கு ஒரு சீட்டு, மாதம் ஒருமுறை நாங்கள் வந்து பார்த்துப் போவதற்குப் பன்னிரண்டு சீட்டு. விலை பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும். பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒரு அட்டை ஒட்டியிருக்கும். இடப்பக்கம் 'உண்டு', வலப்பக்கம் 'கிடையாது'. மதினி அதிக நேரம் செலவழித்தது வலப்பக்கத்துக்குத்தான். தனி மாற்றம் கிடையாது. சாமி படம் கிடையாது. ஆறு மணிக்கு மேல் போன் கிடையாது. இந்த ஊர்க்காரர்களுக்குக் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் கோபம் வரும், அச்சில் இருந்தால் சட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று மதினி கண்டுபிடித்திருந்தார். அரிசி ஆலைக்காரர், "ஏம்மா, நம்ம ஆளு நானு, எனக்குன்னு ஒண்ணு பண்ணிக் கொடுக்க மாட்டியளா?" என்று கெஞ்சியபோது, மதினி பெட்டியைத் திறந்து வலப்பக்கத்தைக் காட்டி, "நான் என்னண்ணே பண்ணட்டும், அங்கன போட்டிருக்கே" என்றார். யாரோ மேலிடத்தில் போட்ட உத்தரவு மாதிரி இருவருமே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெட்டி வியாபாரத்துக்கு ஒரு விதி இருந்தது. புரோகிராமில் ஒன்றை மாற்றினால் அது எல்லாருடைய பெட்டிக்கும் போகும். ஒருவருக்கு மட்டும் என்று எதுவும் இல்லை. அதனால் நான் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நீல நோட்டில் ஒரு வரியாக எழுத வேண்டும். மதினி படித்துப் பார்த்து ஓரத்தில் 'சரி' என்று எழுதுவார். அதற்குப் பிறகுதான் மூலச் சிடி அடிப்போம், அதிலிருந்து மற்றவை. மாதாந்திர வருகையின்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டு வருவேன்.

லேப் பெட்டிதான் எங்கள் செல்லப்பிள்ளை. ரத்தம், சிறுநீர் பார்க்கிற சின்னச் சின்ன லேப்கள் அப்போது டவுன் டவுனாகத் திறந்துகொண்டிருந்தன. கையால் எழுதிய ரிப்போர்ட்டுக்குப் பதிலாக அச்சடித்த அட்டை கொடுத்தால் ஜனங்களுக்கு நம்பிக்கை வந்தது. பெரியகுளத்திலிருந்து கம்பம் வரை ஏழு லேப்களில் எங்கள் பெட்டி ஓடியது. கம்பத்து லேப்காரர் எங்களுக்கு முதல் வாடிக்கை, வேறு இரண்டு லேப்களை அவரே பிடித்துக் கொடுத்தவர். குமுளியிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் அவருக்குக் கூட்டம் வரும். ஒரு மாதம் நான் போயிருந்தபோது, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, வர்ற ஆளுகள்ல அதிகம் பேருக்கு ஓ பாசிட்டிவ்தான். ஒவ்வொரு தடவையும் எம் பிள்ளைக அதையே அடிச்சுக்கிட்டு இருக்குதுக. அந்தக் கட்டத்துல முன்னாடியே அதைப் போட்டு வச்சிருங்க. வேற வந்தா நாங்க மாத்திக்கிறோம்."

தனி மாற்றம் கிடையாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயெடுத்தேன். "உங்க மதினி பேச்சுக்காரி. வேலைக்காரி நீதாம்மா" என்று ஒரு வார்த்தை போட்டார். அந்த வயதில் அந்த ஒரு வார்த்தைக்கு நான் மலையையே பெயர்த்துக் கொடுத்திருப்பேன். தேனிக்கு வந்து ஐந்து நிமிஷத்தில் செய்து முடித்தேன். திரையில் காலியாக இருந்த கட்டத்தில் ஓ பாசிட்டிவ் என்று தானாக வந்து உட்கார்ந்தபோது பார்க்க லட்சணமாக இருந்தது. அன்றைக்கு வேறு பத்துப் பதினைந்து மாற்றங்களும் செய்தேன். மதினி சரி என்றார், சிடி அடித்தோம், ஏழு லேப்புக்கும் போயிற்று.

அடுத்த மாதம் மதினிக்கு முதல் பிள்ளை தங்கியது. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். அன்று சின்னமனூர் லேப்பில் பயிற்சி இருந்ததால், "நம்ம பெட்டி ஓடுற லேப் இருக்க வேற எங்க போறது?" என்று அங்கேயே கை நீட்டினார். அட்டை அச்சாகி வந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். அதற்கு முன் அவர் ரத்த வகை பார்த்ததே இல்லை. "நானும் ஊரோட ஒத்த ஆளுதான் போலிருக்கு" என்று சிரித்தார். டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொண்டுவந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். லேப் பெட்டி வாங்க யார் வந்தாலும் விரலால் தட்டிக் காட்டுவார்: "இந்தா, எங்க பெட்டியில வர்ற ரிப்போர்ட்டு இப்படித்தான் இருக்கும். மாதிரி பாத்துக்கங்க." மகள் பிறந்தாள். தேனியில் பிரசவம் பார்த்த இடத்தில் அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். மறுபடி யாரும் சோதிக்கவில்லை. மூன்று வருஷம் அந்த அட்டையை எத்தனையோ பேர் குனிந்து பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

இரண்டாவது முறை ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நான்கு நாளாகப் பிள்ளை அசையவில்லை என்று மதினி சொன்னார். தேனியில் ஸ்கேன் பார்த்தவர்கள் முகம் மாறி, உடனே மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் நானும் அண்ணனும் இருந்தோம். ஒரு பெண் டாக்டர் கையில் மதினியின் பழைய குறிப்புகளோடு வந்து, "இவங்க பாசிட்டிவ்னு யார் சொன்னது?" என்று கேட்டார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். மதினி ஓ நெகட்டிவ். அப்படிப்பட்ட தாய்க்குப் பாசிட்டிவ் வகைப் பிள்ளை பிறந்தால் மூன்று நாளைக்குள் ஒரு ஊசி போட வேண்டும். போடாவிட்டால், தாயின் ரத்தம் அடுத்த பிள்ளையின் ரத்தத்தை எதிரியாக நினைத்து அழிக்கும். முதல் பிரசவத்தில் அந்த ஊசி போடப்படவில்லை, ஏனென்றால் அட்டையில் பாசிட்டிவ் என்று இருந்தது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. டாக்டரின் வாய் அசைவது தெரிகிறது, கண்ணுக்கு முன்னால் அந்தக் கட்டம், அதில் தானாக வந்து உட்காரும் எழுத்து. அண்ணன் என்னைப் பார்த்து, "உனக்கு என்ன ஆச்சு?" என்றார். அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பையன். மூச்சில்லாமல்தான் பிறந்தான். அண்ணன் ஒரு துண்டில் வாங்கிக்கொண்டு போனார். என்னை அவர்கள் பார்க்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். டாக்டர் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அந்தக் கட்டத்தில் ஓ பாசிட்டிவ் தானாக வரும்படி செய்ததை நான் சொன்னேன். மதினி அழுவார், என்னை ஏசுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "லேப் பெட்டி எத்தனை போயிருக்கு?" நான் ஏழு என்றேன். "எத்தனை வருஷமா?" மூன்று என்றேன். அவர் உதடு மட்டும் அசைந்தது, எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கட்டத்தை யாரு கேட்டாக?" என்றார். கம்பத்து லேப்காரர் கேட்டார் என்றேன். "கேப்பாக. கேக்கத்தான செய்வாக" என்றார் மதினி. "வலப்பக்கம்னு ஒண்ணு நாம எதுக்கு வச்சோம்?" ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நான் தேறியிருப்பேன்.

பச்சை உடம்போடு இருபது நாள் கழித்து மதினி காரில் ஏறி உட்கார்ந்தார். அம்மா தடுத்துப் பார்த்தார், அண்ணன் கத்திப் பார்த்தார். "ஒத்தப் பெட்டியா இருந்தா வீட்ல கிடந்திருவேன். ஏழு" என்றார். முதலில் சின்னமனூர். அங்கே ரத்தம் சோதிக்கிற பெண் கையால் எழுதும் பெரிய நோட்டு ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்திய நோட்டைத் தேடி எடுத்து மதினியின் பெயரைக் கண்டுபிடித்தோம். சிவப்புப் பேனாவில் 'ஓ' என்று எழுதி, பக்கத்தில் அழுத்தமாக ஒரு சிறு கோடு. நெகட்டிவ். சோதனை சரியாகத்தான் நடந்திருக்கிறது. அதைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடித்த பெண், பெயரை அடித்து என்டர், வயதை அடித்து என்டர், கடைசிக் கட்டத்தில் ஏற்கெனவே ஏதோ இருந்ததால் அதற்கும் ஒரு என்டர். எங்கள் பயிற்சியில் நானே அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்: அடுத்த கட்டத்துக்குப் போக என்டரைத் தட்டுங்கள். அந்தப் பெண் மதினியின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். மதினி அவளைத் தூக்கி நிறுத்தி, "அழுதது போதும், நோட்டை வாசி" என்றார்.

அவள் வாசிக்க, நான் கம்ப்யூட்டரில் பார்க்க, மதினி குறித்துக்கொண்டார். கையெழுத்தில் ஒன்றும் அச்சில் வேறொன்றுமாக இருந்தவை பக்கத்துக்குப் பக்கம் வந்தன. ஏ, பி என்று எழுதியதில் பலவும் ஓ ஆகியிருந்தது. ஏழு லேப்பிலும் இப்படி. கம்பத்துக்காரர் முதலில் எகிறினார், "மாத்திக்கிறோம்னு சொன்னோம்ல, பிள்ளைக மறந்திருக்கும்" என்றார். பிறகு எண்ணிக்கையைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மதினி அந்தப் பட்டியலில் வயதுக்கு வந்த பெண்களின் பெயர்களைத் தனியாக எடுத்தார். அதிலும் நெகட்டிவ் உள்ளவர்களை முதலில். முகவரி இருந்தவர்களுக்கு நேரில் போனோம், மேகமலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் வரைக்கும். அந்தக் கல்பாதையில் ஜீப் தூக்கிப் போட்டபோதெல்லாம் மதினி வயிற்றைப் பிடித்துக்கொள்வார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.

ஜெயமங்கலத்தில் ஒரு வீடு. மருமகள் நிறைமாதம். மாமியார் வாசலிலேயே மறித்துக்கொண்டார்கள். "எம் மருமகளுக்கு ரத்தத்துல கொறைங்கிறியளா? கல்யாணத்துக்கு முந்தி அவுக வீட்ல ஒண்ணும் சொல்லலியே!" என்று சத்தம் போட்டார்கள். உள்ளே அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள். மதினி மெதுவாகச் சொன்னார்: "கொறை இல்ல ஆத்தா. வேற ரகம், அம்புட்டுதான். தப்பு எங்க மிசுனுல. பிள்ளை பெத்ததும் ஒரு ஊசி போடணும். அதை மட்டும் மறந்திராதிய." மாமியார் நம்பவில்லை. "இதைச் சொல்லவா தேனியிலருந்து வந்திய? உங்களுக்கு இதுல என்ன?" என்று கேட்டார்கள். மதினி, "எனக்கு அந்த ஊசி போடல ஆத்தா" என்றார். அந்த அம்மாள் மதினியின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு வயிற்றைப் பார்த்தார்கள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது.

லேப் பெட்டியில் அந்தக் கட்டம் மறுபடி காலியானது. யாராவது கையால் அடித்தால்தான் ரிப்போர்ட் அச்சாகும், இரண்டு முறை அடிக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வலப்பக்கத்தில் கடைசியாக ஒரு வரி சேர்ந்தது: எதையும் முன்கூட்டியே நிரப்பித் தருவது கிடையாது. ஆபீஸ் பழையபடி நடந்தது. மதினி என்னை ஏசவும் இல்லை, அனுப்பவும் இல்லை. அந்த அட்டையை மட்டும் கண்ணாடியின் அடியிலிருந்து எடுக்கவில்லை. நீல நோட்டையும் அதற்குப் பிறகு நான் அலமாரியில் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த வரியை நோட்டில் எழுதினேனா, சொல்லாமல் நுழைத்துவிட்டேனா என்று எனக்கே நிச்சயமில்லை. யோசிக்க யோசிக்க, எழுதவில்லை என்றே ஆகிப்போனது. மதினிக்குத் தெரியாமல், ஒரு முகஸ்துதிக்கு மயங்கி, அவர் பிள்ளையை நான் கொன்றேன். நான்கு வருஷம் தினமும் காலையில் அந்த மாடிப்படி ஏறும்போது இதுதான் எனக்குள் ஓடும். வந்த ஒரு நல்ல வரனைக்கூட வேண்டாம் என்றேன். எனக்குப் பிள்ளை எதற்கு என்று இருந்தது.

2010-ல் அண்ணன் கோயம்புத்தூருக்கு வியாபாரத்தை மாற்றினார். ஆபீஸை மூடினோம். சாமான்களைக் கட்டி முடித்த பிறகு மதினி மேசைக் கண்ணாடியைத் தூக்கச் சொன்னார். இருவருமாகத் தூக்கினோம். அட்டை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அது மறைத்திருந்த இடத்தில், மேசைப் பலகையின் மேல், நான்காக மடித்த ஒரு தாள் கிடந்தது. நீல நோட்டிலிருந்து கிழித்தது. மதினி அதை எடுத்து என் கையில் கொடுத்தார். என் கையெழுத்து. பத்துப் பதினைந்து வரிகள், ஒன்பதாவது வரி: லேப், ரத்த வகைக் கட்டத்தில் ஓ பாசிட்டிவ் முன்பே வரும், கம்பம் கேட்டது. அதற்கு நேரே ஓரத்தில், பச்சை மையில், மதினியின் கையெழுத்தில், சரி.

"நீ எழுதித்தான் வச்சிருந்த" என்றார் மதினி. "நான்தான் படிக்கல. அம்புட்டு வரிக்கும் மேலருந்து கீழ வரைக்கும் சரி சரின்னு போட்டுக்கிட்டே போயிட்டேன். அந்தப் பிள்ளை என்டர் தட்டுன மாதிரி."

"எப்பத் தெரியும் மதினி?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கே பாத்துட்டேன்."

"நாலு வருஷமாச்சே. ஏன் சொல்லல?"

மதினி என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "சொன்னா உன் பாரத்துல பாதி எறங்கிரும்னு தெரியும். எறக்கி விட எனக்கு மனசு வரல ஆத்தா. ஒத்தையில சொமக்க முடியல. நீயும் சொமக்குறது தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பேச்சை நினைத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. மதுரை ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்ததைவிட அன்றைக்கு நான் அதிர்ந்துபோனேன் என்று சொன்னால் அது நியாயமா என்று தெரியவில்லை, ஆனால் அதுதான் உண்மை. கோபம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் கோபப்பட நான் யார் என்றும் வந்தது. அவர் ஒரு ஸ்கேலை வைத்து அட்டையைக் கண்ணாடியிலிருந்து நெம்பப் பார்த்தார். காகிதம் கிழிந்து வந்தது, மை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. கிழிந்ததைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டார். "கண்ணாடியை நீ வச்சுக்க" என்றார்.

இப்போது தேனியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற கடை. மேசைமேல் அதே கண்ணாடிதான், மை ஒட்டிய பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டிருக்கிறேன். இரண்டு நாளைக்கு முன் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். ரத்த வகை என்ன என்று கேட்டேன். "தெரியாதுக்கா. ஓ பாசிட்டிவ்னு போட்டுருங்க, எல்லாரும் அதான போடுறாக" என்றாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவளை லேப்புக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டு வைத்தேன். மதினி மாதம் ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து போன் செய்வார். மகள் படிப்பைச் சொல்வார், அண்ணன் முட்டிவலியைச் சொல்வார். வைப்பதற்கு முன்பு ஒவ்வொரு முறையும், "எம்மேல கோவமில்லையே ஆத்தா?" என்று கேட்பார். கண்ணாடியில் அட்டையின் அந்தக் கடைசி வரி, ஓ பாசிட்டிவ், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, விரல் வைத்தால் லேசாகச் சொரசொரக்கும். அதைத் தடவிக்கொண்டே, மழை பெய்ததா மதினி என்று வேறு ஏதாவது கேட்டு வைக்கிறேன்.